மூணு நிமிஷம் இருபது செகண்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல, காலைல பல் தேய்க்கிறதுலேர்ந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் எல்லாத்தையும் எடுத்து யூடியூப்ல போடுற பசங்க பொண்ணுங்கள பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு. நல்லாதான் எழுதியிருந்தாங்க, ஆனா நடுவுல ஒரு வரி வருது பாருங்க, தன்னோட அன்றாட வாழ்க்கைய தானே படம் புடிக்கிற பழக்கம் ஸ்மார்ட்போன் வந்தப்புறம்தான் உலகத்துல ஆரம்பிச்சுதுன்னு, அது ரெண்டு நாளா தொண்டைல மீன் முள்ளு மாதிரி நிக்குது. எங்க வீட்டுக்காரர் "ஒத்த வரிக்கு ஒரு லெட்டரா"ன்னு சிரிக்கிறாரு. சிரிக்கட்டும். நான் கூட்டுறவு பேங்க்ல 31 வருஷம் கணக்குப் பார்த்தவ, ஒரு ரூவா உதைச்சாலும் அன்னைக்கு வீட்டுக்குப் போக முடியாது, அந்தப் பழக்கம் இன்னும் போகல.

அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலத்துல ஃபிரேமிங்ஹாம்னு ஒரு ஊரு. பாஸ்டன்லேர்ந்து கார்ல போயிடலாம். அங்க ஆன் ஷார்லட் ராபர்ட்சன்னு ஒரு அம்மா இருந்தாங்க. 1949ல பொறந்தவங்க, 2012ல இறந்துட்டாங்க. 1981 நவம்பர் 3ஆம் தேதி, அப்ப அவங்களுக்கு வயசு 32, ஒரு சூப்பர் 8 கேமராவ எடுத்து தன்னையே படம் எடுக்க ஆரம்பிச்சாங்க, எதுக்குன்னு நினைக்கிறீங்க, உடம்பு இளைக்கிறதுக்கு. டயட் இருக்கப் போறேன், தினம் தினம் நான் இளைக்கிறத கேமரா பாக்கட்டும்னு. ரெண்டாவது ரீலுக்கே குண்டு, ஒல்லி ரெண்டுக்கும் அர்த்தம் என்னங்கிற மாதிரிதான் தலைப்பு. அப்ப கடைகள்ல அஞ்சு வருஷத்துக்கு ஒரே புத்தகமா பூட்டு வச்ச குட்டி டைரி விப்பாங்களாம், ஒரு நாளைக்கு நாலு வரிதான் எழுத முடியும். அந்த மாதிரி படத்துக்கும் "ஃபைவ் இயர் டைரி"ன்னு பேரு வச்சாங்க. பேருதான் அஞ்சு வருஷம். ஓடுனது 1997 வரைக்கும். 80 ரீலுக்கு மேல, மொத்தமா உக்காந்து பார்த்தா 36 மணி நேரத்துக்கும் கூட. ஒடம்பு எளைச்சுதா இல்லையாங்கிறது எங்கயோ பின்னால போயிடுது, அத யாரும் கேக்குறதும் இல்ல.

இத நான் எங்கேர்ந்து தெரிஞ்சுகிட்டேன்னு கேப்பீங்க. பொண்ணோட பிரசவத்துக்கு ஆறு மாசம் அங்க போயிருந்தேன். நம்ம ஊரு அம்மாமாருங்க போனா என்ன செய்வோம், பத்திய சமையல், குழந்தைய குளிப்பாட்டுறது, வெளிய பனி கொட்டுறத ஜன்னல் வழியா பாக்குறது. ஒரு நாள் சாயங்காலம் மாப்பிள்ளை, "அத்தை, நீங்க அந்தக் காலத்து பிலிம் ரோல் பத்தி சொல்லிட்டே இருப்பீங்களே, வாங்க"ன்னு பாஸ்டன் பக்கத்துல இருக்கிற கேம்பிரிட்ஜுக்கு கூட்டிட்டுப் போனாரு. ஹார்வர்ட் பிலிம் ஆர்க்கைவ், அவங்க படமெல்லாம் இப்ப அங்கதான் பத்திரமா இருக்கு. கட்டடம் முழுக்க வெறும் கான்கிரீட்டு, பூச்சு கூட இல்ல, என்னடா இது பாதில நிறுத்துன கட்டடம் மாதிரி இருக்கேன்னு பார்த்தா நம்ம சண்டிகர கட்டுன லெ கொர்பூசியேதானாம் இதையும் கட்டுனது, வட அமெரிக்காவுலயே அவரு கட்டுனது இது ஒண்ணுதானாம். தியேட்டர் கீழ்த்தளத்துல. நாப்பது அம்பது பேரு இருந்திருப்போம். சேலை கட்டுனது நான் ஒருத்திதான்.

சூப்பர் 8 பத்தி கொஞ்சம் சொல்லிடுறேன், இல்லாட்டி இந்த அம்மா செஞ்சது என்ன வேலைன்னு இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு புரியாது. 1965ல கோடாக் கம்பெனி கொண்டு வந்தது. பிலிமோட அகலமே 8 மில்லிமீட்டர்தான், நம்ம சுண்டுவிரல் நகத்த விட கம்மி. ஒரு பிளாஸ்டிக் டப்பா, கார்ட்ரிட்ஜுன்னு சொல்லுவாங்க, அதுக்குள்ள 50 அடி பிலிம் இருக்கும், கேமரா பக்கவாட்டுல கதவ தொறந்து டக்குன்னு செருகிடலாம், இருட்டுல சுத்தி மாட்டுற வேலையெல்லாம் இல்ல. அதுல 3,600 கட்டம். செகண்டுக்கு 18 கட்டம்னு ஓட்டுனா மூணு நிமிஷம் இருபது செகண்டு. அவ்ளோதான். தீர்ந்துச்சுன்னா டப்பாவோட சின்ன ஜன்னல்ல "எக்ஸ்போஸ்டு"ன்னு எழுத்து வந்து நிக்கும். இது பெரும்பாலும் ரிவர்சல் பிலிம், அதாவது நெகட்டிவ்னு தனியா ஒண்ணு கிடையாது, கேமராவுக்குள்ள போன அதே பிலிமதான் கழுவி அதே பிலிமதான் புரொஜக்டர்ல ஓட்டணும், ஒவ்வொரு தடவ ஓட்டும்போதும் ஒரு கீறல் விழும், விழுந்தது விழுந்ததுதான். வாங்க ஒரு காசு, கழுவ ஒரு காசு. செல்போன்ல எடுக்குற மாதிரி எடுத்துட்டே இருந்து அப்புறம் அழிச்சுக்கலாங்கிற கதையே இல்ல.

எனக்கு இது தெரியும், ஏன்னா எங்க பெரியப்பா சிங்கப்பூர்ல வேலை பார்த்தவரு, 1978ல ஒரு சூப்பர் 8 கேமராவும் புரொஜக்டரும் கொண்டு வந்தாரு. வருஷத்துக்கு மூணு டப்பா, நாலு டப்பா, அதுக்கு மேல கட்டுப்படியாகாது. பொங்கலுக்கு ஒண்ணு, யாராச்சும் கல்யாணத்துக்கு ஒண்ணு. எடுக்கிறதுக்கு முன்னாடி "எல்லாரும் நில்லுங்க, அசையுங்க, ஆனா ஓடாதீங்க"ன்னு சத்தம் போடுவாரு. எடுத்த பிலிம சிங்கப்பூர் போறவங்க கைல குடுத்து அனுப்பி, கழுவி, அடுத்த ஆள் வரும்போது திரும்பி வரணும். அப்படித்தான் தாத்தா பாட்டியோட அறுபதாம் கல்யாணம் எடுத்த ரெண்டு டப்பாவும் போச்சு, கொண்டு போனவரு எங்கயோ தொலைச்சுட்டாரு, அதுக்கப்புறம் அவரு எங்க தெருப் பக்கமே வரல.

சரி, விஷயத்துக்கு வர்றேன். நீங்க கணக்குப் போட்டுப் பாருங்க. அந்த அம்மாவோட ஒரு ரீல் சுமார் 27 நிமிஷம். அப்ப ஒரு ரீலுக்கு எட்டு கார்ட்ரிட்ஜ். 80 ரீலுக்கு 640 கார்ட்ரிட்ஜ், அதுவும் எடுத்ததுல ஒரு துண்டு கூட வீணாக்கலன்னு வச்சுகிட்டா. கூட ஆளு கிடையாது, லைட் புடிக்க ஆளு இல்ல, சவுண்டுக்கு ஆளு இல்ல. கேமராவ ஸ்டாண்டுல நிறுத்திட்டு முன்னாடி போய் நிக்கிறதும் அவங்கதான், திரும்பி வந்து நிறுத்துறதும் அவங்கதான். அப்புறம் கையால வெட்டி டேப்பு போட்டு ஒட்டுறதும்.

இன்னொண்ணும் கவனிங்க. 1981 நவம்பர்ல ஆரம்பிச்சு 1982 டிசம்பர்லயே 23வது ரீல் முடிஞ்சுடுது. பதிமூணே மாசம். மிச்சம் இருக்கிற 60 ரீலும் அடுத்த பதினஞ்சு வருஷத்துக்கு. அந்த மொத வருஷம் அவங்க கைல கேமரா எப்படி ஓடியிருக்கும்னு நினைச்சுப் பாருங்க. அதுலயும் 22வது ரீல் முழுக்க ஆகஸ்ட் கடைசியில வர்ற பத்தே பத்து நாள். ஒரு சின்ன காதல், அப்புறம் மனசு கலங்குறது. அடுத்த ரீல் அந்தக் கலக்கமும் ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்ததுக்கு அப்புறமும்.

ஆமா, அவங்களுக்கு பைபோலார் நோய் இருந்துச்சு. திரும்பத் திரும்ப மனநல ஆஸ்பத்திரில இருந்திருக்காங்க. இத அவங்களே படத்துல மறைக்காம சொல்றாங்க, சாப்புட்ட மாத்திரையையும் காட்டுறாங்க. நம்ம வீடுகள்ல என்ன செய்வோம், "உடம்புக்கு முடியல"ன்னு ஒரு வார்த்தை போட்டு மூடி வச்சிருவோம், எங்க சொந்தத்துலயே ஒரு அத்தைய அப்படி பத்து வருஷம் மூடி வச்சோம், இப்ப அவங்க போட்டோ கூட யாரு வீட்டுலயும் இல்ல. அத விடுங்க.

நான் சொல்ல வர்றது என்னன்னா, இந்த மாதிரி ஒருத்தர் இருந்தாங்கன்னு சொன்ன உடனே எல்லாரும் "அய்யோ பாவம், மனசு சரியில்லாதவங்களோட டைரி"ன்னு சொல்லிட்டு நகந்துடுறாங்க. படம் முடிஞ்சு வெளிய வரும்போது பக்கத்துல ரெண்டு பேரு அப்படித்தான் பேசிட்டு வந்தாங்க, எனக்கு இங்கிலீஷு அரைகுறைதான், ஆனாலும் அது புரிஞ்சுது, கோவமும் வந்துச்சு. ஏன்னா நான் அங்க பார்த்தது வேலை தெரிஞ்ச ஒரு ஆளோட வேலை. ஆர்ட் காலேஜுல சினிமா படிச்சவங்க அவங்க, 8 எம்எம்லயே வாழ்நாளெல்லாம் படம் எடுத்த சால் லெவின்கிட்ட படிச்சவங்க.

ஒரு எடம் சொல்றேன். அவங்க ரூமுல இங்கிட்டும் அங்கிட்டும் நடக்குறாங்க. கேமராவ ஒரே தடவையா ஓட விடாம கட்டம் கட்டமா எடுத்திருக்காங்க. அதனால மனுஷி நடக்கவே இல்ல, இங்க இருக்காங்க, அங்க இருக்காங்க, நாற்காலில இருக்காங்க, கதவுகிட்ட இருக்காங்க, ஜன்னல் வெளிச்சம் சுவத்துல ஓடுது, விளக்கு எரியுது, அணையுது, ஒரு சாயங்காலம் முழுக்க நாலஞ்சு செகண்டுல போயிடுது. மனசு நிலைகொள்ளாம தவிக்கிறவங்களுக்கு பொழுது எப்படிப் போகும்னு வாயால சொன்னா அரை மணி நேரம் ஆகும், அப்பவும் புரியாது. இது காசு மிச்சம் பண்றதுக்கு எடுத்ததா, இல்ல அந்தத் தவிப்ப காட்டுறதுக்கு எடுத்ததான்னு கேட்டா ரெண்டும்தான்னு நினைக்கிறேன். கட்டம் கட்டமா எடுத்தா மூணு நிமிஷம் இருபது செகண்டுக்குள்ள ஒரு வாரத்தயே அடைச்சுடலாம். வீட்டுச் செலவு பாக்குற பொம்பளைக்கு இந்தக் கணக்கு சட்டுனு புரியும்.

சத்தத்துல அவங்க செஞ்சது இன்னும் பெருசு. சூப்பர் 8ல பிலிம் ஓரத்துல பிரவுன் கலர்ல மெல்லிசா ஒரு பட்டை ஓடும், டேப் ரெக்கார்டர் டேப்பு மாதிரி, அதுலதான் சத்தம் பதியும். ஆனா படம் ஒரு எடத்துல இருந்தா அதோட சத்தம் 18 கட்டம் தள்ளி முன்னாடி இருக்கும், மிஷின் அமைப்பு அப்படி. சரியா ஒரு செகண்டு தூரம். அதனால கத்தரிச்சு ஒட்டும்போது படத்துக்கு சரியா வெட்டுனா பேச்சு அறுந்துடும், பேச்சுக்கு சரியா வெட்டுனா வாயி பாதில நிக்கும். இவங்க அத ஒரு குறையா வச்சுக்கல. பிலிம்ல இருக்கிற பேச்சு ஒண்ணு, அது மேல கேசட்ல பேசி வச்சது இன்னொண்ணு. போதாததுக்கு படம் காட்டும்போது அவங்களே நேர்ல உக்காந்து மைக்க புடிச்சு அதுக்கும் மேல பேசுவாங்களாம். சில எடத்துல படம் காட்டுற ஹாலயே தன் வீட்டு ஹால் மாதிரி மாத்தி தன்னோட சாமான்களையெல்லாம் கொண்டு போய் போட்டு, வர்றவங்கள வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி உக்கார வச்சு காட்டியிருக்காங்க.

இதுல என்ன ஆகுதுன்னா, திரையில கலங்கிப் போயி நடந்துட்டிருக்கிற ஒரு பொண்ணு ஏதோ வேகவேகமா பேசுறா, அது மேல அதே பொண்ணோட குரல், ஆனா வருஷங்கள் கழிச்சு, நிதானமா, "அன்னைக்கு நான் இப்படி இருந்தேன்"ங்கிற மாதிரி சொல்லுது. ரெண்டு குரலும் ஒரே நேரத்துல. எனக்கு பாதி வார்த்தை புரியல, ஆனா ரெண்டு குரலும் ஒரே ஆளுதான், ரெண்டு பேருக்கும் ஆகாதுங்கிறது மட்டும் நல்லாவே புரிஞ்சுது. பக்கத்துல மாப்பிள்ளை காதுக்குள்ள மொழிபெயர்க்க வந்தாரு, வேணாம்னுட்டேன்.

எல்லாமே அப்படி ஒசத்தின்னு சொல்ல மாட்டேன். தோட்டம், மக்குன காய்கறிக் குப்பை, பூனை, மறுபடியும் தோட்டம், அம்மா வீடு, இங்கிலீஷ் டிவி நாடகத்துல டாக்டர் ஹூவா நடிச்ச டாம் பேக்கர் மேல அவங்களுக்கு இருந்த பித்து, அந்த நடிகரப் பத்தி பேசிப் பேசி மாள மாட்டாங்க, எனக்கே ரெண்டு எடத்துல கண்ணு சொக்கிருச்சு. பொய் சொல்லுவானேன். ஆனா டைரின்னா அப்படித்தான இருக்கும், எங்க அப்பா 40 வருஷம் டைரி எழுதுனாரு, அதுல பாதிக்கு மேல "மழை இல்லை"தான்.

1994ல 80வது ரீல். அவங்க கூடப்பொறந்தவங்களோட குழந்தை, எமிலின்னு பேரு, மூணு வயசு, இறந்து போயிடுது. அந்த ரீல நான் விவரமா எழுதப் போறதில்ல, கைக்குழந்தைய வீட்டுல விட்டுட்டு வந்த எனக்கு அங்க உக்கார முடியல, எழுந்து வெளிய வந்து அந்த கான்கிரீட்டு படிக்கட்டுல கொஞ்ச நேரம் நின்னுட்டு திரும்பப் போனேன். ஒண்ணு மட்டும் சொல்றேன், இப்படி ஒண்ணு நடந்தா நம்ம கைல இருக்கிறத கீழ போட்டுடுவோம், அவங்க கேமராவ கீழ போடல. அது சரியா தப்பான்னு எனக்கு இன்னிக்கும் சொல்லத் தெரியல. எங்க ஊருல துக்க வீட்டுல படம் எடுத்தா அடிச்சே தொரத்துவாங்க. ஆனா அவங்க அத லைக்குக்காக எடுக்கலங்கிறது மட்டும் நிச்சயம், லைக்கு போட அங்க யாரு இருந்தா.

நம்ம ஊருல "ரீல் விடாத"ன்னா பொய் சொல்லாதன்னு அர்த்தம், "பிலிம் காட்டாத"ன்னா பகட்டு பண்ணாதன்னு. இந்த ரெண்டு பேச்சும் எங்கேர்ந்து வந்துச்சோ, இன்ஸ்டா ரீல்ஸுக்கு அம்சமா பொருந்துது. உங்க கட்டுரைல வர்ற பிள்ளைங்கள நான் குத்தம் சொல்லல, என் பேத்தியே பெரிசானா அப்படித்தான் செய்வா. ஆனா அவங்க காட்டுறதுல யாரும் மன்னிப்பு கேக்குறதில்லையே. இந்த அம்மா மன்னிப்பு கேக்குறதுக்குன்னே ஒரு தனிப் படம் எடுத்திருக்காங்க, "அப்பாலஜீஸ்"னு பேரு, கேமராவ பார்த்து மன்னிச்சுக்கோங்க, மன்னிச்சுக்கோங்கன்னு ஒவ்வொண்ணா சொல்லிட்டே போறாங்க, சிகரெட் புடிக்கிறதுக்கு, அதுக்கு, இதுக்குன்னு. மொதல்ல சிரிப்பு வரும். கொஞ்ச நேரத்துல சிரிப்பு நின்னுடும், அப்புறம் மறுபடியும் சிரிப்பு வரும், அப்பதான் இது அவங்க தெரிஞ்சேதான் நம்மள சிரிக்க வைக்கிறாங்கன்னு உறைக்கும். அவங்களுக்கு நல்ல நகைச்சுவை இருந்துச்சு, இத யாரும் சொல்றதில்ல.

இவங்கதான் உலகத்துலயே மொதல் ஆளுன்னு நான் சொல்ல வரல, அப்படி சொன்னா நானும் உங்க கட்டுரையாளர் தம்பி செஞ்ச தப்பதான் செஞ்சதா ஆகும். அவங்களுக்கு முன்னாடியே நியூயார்க்ல ஜோனஸ் மேக்கஸ்னு லிதுவேனியாலேர்ந்து அகதியா வந்தவரு போலெக்ஸ் கேமராவ கையிலயே வச்சுகிட்டு 16 எம்எம்ல டைரி மாதிரி எடுத்துட்டிருந்தாரு, 1969லயே அவரோட டைரிப் படம் வெளிய வந்துடுச்சு. ஆனா அவரப் பத்தி எழுத ஆளு இருந்தாங்க, சுத்தி ஒரு கூட்டம் இருந்துச்சு. ஃபிரேமிங்ஹாம் வீட்டுல தனியா உக்காந்து மூணு நிமிஷம் மூணு நிமிஷமா ஒட்டிட்டிருந்தவங்கள அந்தக் காலத்துல தேடிப் போய் பார்த்தவங்க கொஞ்சம் பேருதான்.

சூப்பர் 8ல கோடாக் கம்பெனி போட்ட கோடாக்ரோம்ங்கிற கலர் பிலிமும் 2005ல நின்னு போச்சு, 2010 கடைசில அத கழுவுறதும் நின்னுடுச்சு, கன்சாஸ்ல ஒரே ஒரு லேப்தான் அதுவரைக்கும் கழுவிட்டிருந்தது. ஆச்சரியம் என்னன்னா எங்க பெரியப்பா எடுத்ததுல மிஞ்சியிருக்கிற கோடாக்ரோம் ரோலுங்க இன்னமும் சிவப்பு சிவப்பாவே இருக்கு, எங்க கல்யாண வீடியோ கேசட் வெளுத்துப் பூசணம் புடிச்சே போச்சு.

அதனால ஆசிரியர் ஐயா, அந்த ஒரு வரிக்கு மட்டும் ஒரு திருத்தம் போட்டுடுங்க. பெரிசா வேணாம், நாலாம் பக்கத்துல ரெண்டு வரி போதும். இடம் இருந்தா அந்த அம்மாவோட பேரையும் போடுங்க.

இப்படிக்கு,
உங்க பேப்பர 1986லேர்ந்து வாங்குற வாசகி,
திண்டுக்கல்

பின்குறிப்பு: பெரியப்பாவோட புரொஜக்டர் இப்ப எங்க வீட்டுலதான் இருக்கு. மோட்டார் ஓடுது, லைட்டு எரியுது, உள்ள இருக்கிற ரப்பர் பெல்ட்டு மட்டும் பிசுபிசுன்னு உருகி ஒட்டிகிச்சு. டேப் ரெக்கார்டர் பெல்ட்டு போட்டுப் பார்த்தோம், சறுக்குது, படம் பாதில நின்னு ஒரே எடத்துல சூடாகி ஒரு கட்டம் கருகிப் போச்சு. அளவுக்கு பெல்ட்டு செஞ்சு தர்றவங்க மதுரைப் பக்கமோ திருச்சிப் பக்கமோ யாராச்சும் இருந்தா வாசகர்கள் உங்க பேப்பர் மூலமா தெரிவிச்சா புண்ணியமா போகும்.